‘ஐ ஸ்லெப்ட் லேட்’ என்று எழுதலாமா?

கேள்வி: திருப்பூரில் பனியன் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். ஷிப்மென்ட் வேலையால் ஒருநாள் ராத்திரி ஒன்றரை மணிக்குத்தான் படுத்தேன். மறுநாள் லண்டன் பையருக்கு, ‘சாரி ஃபார் தி டிலே, ஐ ஸ்லெப்ட் லேட்’ என்று மெயில் போட்டேன். ‘லக்கி யூ!’ என்று பதில் வந்தது. கிண்டலா? தூக்கத்தைப் பற்றி இனி என்ன எழுதுவதென்றே தெரியவில்லை.

பதில்: நீங்கள் விடிந்த பிறகும் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கியதாகத்தான் அவர் நினைத்திருப்பார். ‘ஸ்லீப் லேட்’ என்றால் அவர்கள் ஊரில் காலையில் நேரங்கழித்து எழுவது. நீங்கள் சொல்ல நினைத்தது ‘ஐ வென்ட் டு பெட் லேட்’. கண்விழித்து வேலை பார்த்ததையும் தெரிவிக்க வேண்டுமென்றால் ‘ஐ ஸ்டேய்ட் அப் லேட் வொர்க்கிங் ஆன் யுவர் ஷிப்மென்ட்’. இப்படி எழுதியிருந்தால் ஒரு நன்றியாவது வந்திருக்கும்.

வம்பு எங்கே என்றால், நம் ‘தூங்கினேன்’ எல்லாவற்றுக்கும் ஈடுகொடுக்கும். ‘பத்து மணிக்குத் தூங்கினேன்’ என்கிறோம், ‘பத்து மணி நேரம் தூங்கினேன்’ என்றும் சொல்கிறோம். ஆங்கிலத்தின் ‘ஸ்லெப்ட்’ இரண்டாவதற்கு மட்டுமே பொருந்தும். தூங்கிக் கழித்த நேரத்தை அது சொல்லும், தூக்கத்துக்குள் போன நொடியைச் சொல்லாது. ‘ஐ ஸ்லெப்ட் அட் டென்’ நம்மூர் ஆங்கிலத்தில் சகஜம், அதற்காக யாரையும் நான் திருத்த மாட்டேன். வெளிநாட்டுக்காரருக்கு எழுதும்போது மட்டும் தவிர்த்துவிடுங்கள். படுக்கப் போனது ‘வென்ட் டு பெட்’, தூங்கிப்போனது ‘ஃபெல் அஸ்லீப்’.

இதைப் பிடித்துக்கொள்ள நம் பேச்சுத் தமிழிலேயே ஒரு வழி இருக்கிறது. ‘ராத்திரி நல்லா தூங்கினேன்’ என்கிறோம். ஆனால் ‘டிவி பார்த்துக்கிட்டே தூங்கிட்டேன்’ என்கிறோம். அந்த ‘ட்டேன்’ வருகிற இடத்தில் பெரும்பாலும் ‘ஃபெல் அஸ்லீப்’ சரியாக உட்காரும். ‘கொஞ்சம் கண் அசந்துட்டேன்’ என்பதற்கு ‘டோஸ்டு ஆஃப்’. மீட்டிங்கில் உட்கார்ந்தபடியே தலை தொங்கினால் ‘நாடட் ஆஃப்’. ‘ஸ்லெப்ட் ஆஃப்’ என்று நம் ஆபீஸ்களில் அடிக்கடி காதில் விழுகிறது. லண்டனில் அது செல்லாது.

‘தூக்கம் வருது’ என்பதை அப்படியே தூக்கி ‘ஸ்லீப் இஸ் கமிங்’ என்று வைக்கக் கூடாது. ‘ஐ ஆம் ஸ்லீப்பி’ போதும். ஏற்கெனவே தூங்கிக்கொண்டிருப்பவர் ‘அஸ்லீப்’. இந்தச் சொல்லைப் பெயருக்கு முன்னால் ஒட்ட முடியாது: ‘தி பேபி இஸ் அஸ்லீப்’ சரி, ‘ஆன் அஸ்லீப் பேபி’ தவறு, அங்கே ‘எ ஸ்லீப்பிங் பேபி’. ஆழ்ந்த தூக்கமென்றால் ‘ஃபாஸ்ட் அஸ்லீப்’ என்பார்கள். தூக்கத்தில் என்ன வேகம் என்று கேட்காதீர்கள், இங்கே ‘ஃபாஸ்ட்’டுக்கு ‘இறுக்கமாக’ என்ற பழைய பொருள்.

எழுவதிலும் இரண்டு கட்டம். ஐந்து மணிக்கு முழிப்பு வந்து ஆறு வரை புரண்டு கிடந்தால், ஐந்துக்கு ‘வோக் அப்’, ஆறுக்கு ‘காட் அப்’. அலாரம் அடித்தும் தெரியாமல் தூங்கிப்போய் பஸ்ஸை விட்டால் ‘ஐ ஓவர்ஸ்லெப்ட்’. ஞாயிற்றுக்கிழமை வேண்டுமென்றே எட்டு மணி வரை படுத்திருந்தால் ‘ஐ ஸ்லெப்ட் இன்’. முதலாவதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும், இரண்டாவதற்குத் தேவையில்லை.

மானத்தை வாங்கக்கூடிய இடங்களும் உண்டு. கல்யாண வீட்டில் சித்தி பிள்ளைகளோடு ஹாலில் பாய் விரித்துப் படுத்ததை ‘ஐ ஸ்லெப்ட் வித் மை கசின்ஸ்’ என்று எழுதிவிடாதீர்கள். ‘ஸ்லீப் வித்’துக்கு உடலுறவு என்ற பொருள்தான் முதலில் தோன்றும். ‘ஐ ஷேர்டு எ ரூம் வித் மை கசின்ஸ்’ என்றால் வில்லங்கம் இல்லை. அதேபோல, குழந்தையை ‘புட் டு ஸ்லீப்’ செய்யலாம், தூங்க வைப்பதுதான். நாய்க்கு அதையே சொன்னால், ஊசி போட்டு வலியில்லாமல் உயிரை எடுப்பது. கால்நடை மருத்துவரிடம் அந்த வார்த்தையை விளையாட்டுக்குக்கூட எடுக்க வேண்டாம்.

வெளிநாடு போகிறவர்களுக்கு மிகவும் உதவுவது டாக்டரிடம் பேசும் ஆங்கிலம். ‘தூக்கமே இல்லை டாக்டர்’ என்று நாம் மொத்தமாகச் சொல்லிவிடுவோம். படுத்தும் நெடுநேரம் தூக்கம் பிடிக்காவிட்டால் ‘ஐ காண்ட் ஃபால் அஸ்லீப்’. தூங்கி, நடுராத்திரியில் முழிப்பு வந்து, மறுபடி தூங்க முடியாமல் போனால் ‘ஐ வேக் அப் அண்ட் காண்ட் கெட் பேக் டு ஸ்லீப்’. மருத்துவர்கள் இரண்டையும் வெவ்வேறு தொந்தரவாகத்தான் பார்க்கிறார்கள், அதனால் பிரித்துச் சொல்வது நல்லது. மாத்திரை போட்ட பிறகு தூக்கக் கலக்கமாக இருந்தால் ‘ஐ ஃபீல் ட்ரவ்ஸி’ என்று சொல்லுங்கள். சளி, அலர்ஜி மாத்திரை அட்டைகளில் ‘மே காஸ் ட்ரவ்ஸினஸ்’ என்று போட்டிருப்பதும் இதைத்தான். அந்த மாத்திரை போட்டுக்கொண்டு கலக்கமாக இருக்கும்போது வண்டி ஓட்டக் கூடாது.