வருடக்கணக்கில் மருத்துவமனையில் இருந்த நோயாளிகளுக்காக அந்தக் காலத்தில் தன்னார்வலர்கள் நடத்திய விழாக்களால் உண்மையில் பயன் இருந்ததா?

இருந்தது. ஆனால் நாங்கள் நினைத்த இடத்தில் இல்லை.

1980களின் தொடக்கத்தில், கல்லூரியில் படித்தபோது, ஒரு மருத்துவமனையின் நீண்டநாள் வார்டுக்கு மாதம் ஒரு சனிக்கிழமை போகும் குழுவில் மூன்று வருடம் இருந்தேன். முதுகுத்தண்டில் அடிபட்டவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், குணமாகியும் கூட்டிப் போக ஆளில்லாமல் அங்கேயே தங்கிவிட்டவர்கள் என முப்பது பேர் வாக்கில் இருப்பார்கள்.

வருடக்கணக்கில் ஆஸ்பத்திரியில் இருப்பது என்றால் இன்று பலருக்கு நம்பவே வராது. ஸ்ட்ரெப்டோமைசின் 1943ல் கண்டுபிடிக்கப்பட்டு நோயாளிகளின் கைக்கு வந்து சேரும்வரை, காசநோய்க்குப் பெரும்பாலும் ஓய்வும் நல்ல காற்றும்தான் வைத்தியம். சானடோரியத்தில் இரண்டு மூன்று வருடம் படுத்திருப்பது சாதாரணம். மனநல மருத்துவமனைகளில் உள்ளே போய்த் திரும்பி வராமலே போனவர்களும் நிறைய.

அதனால் இந்தக் கொண்டாட்டங்களும் பழையவைதான். 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் மனநல விடுதிகளில் வாராவாரம் நடனம் இருந்தது. பின்னாளில் பெரிய இசையமைப்பாளராகப் பேரெடுத்த எட்வர்ட் எல்கர், 1879 முதல் 1884 வரை பவிக் என்ற இடத்து விடுதியின் வாத்தியக் குழுவை நடத்தி, அந்த நடனங்களுக்கென்றே மெட்டுகள் எழுதிக் கொடுத்தார். வாசித்தவர்கள் அங்கே வேலை பார்த்த ஊழியர்கள். ஆண்கள் வார்டு தனி, பெண்கள் வார்டு தனி என்றிருந்த காலம் அது. நடன நாளன்று இரண்டு பக்கத்தாரும் ஒரே கூடத்தில் நிற்பார்கள். தன்னார்வலர்கள் கூட்டமாக வரத் தொடங்கியது முதல் உலகப் போரை ஒட்டி. அமெரிக்காவின் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனைக்கு 1918ல் செஞ்சிலுவைச் சங்கப் பெண்கள் வந்து கடிதம் எழுதிக் கொடுத்தார்கள், புத்தகம் படித்துக் காட்டினார்கள். சீருடை சாம்பல் நிறம் என்பதால் 'கிரே லேடீஸ்' என்று அவர்களுக்குப் பெயர் வைத்தது நோயாளிகளேதான்.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். ஒரு விழா என்றால் பாதி வேலை கட்டில்களோடுதான். எழுந்து உட்கார முடியாதவர்களைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போக வேண்டும். கூடத்தின் கதவு ஒற்றைக் கட்டில் அகலம்தான். முதலில் எது போக வேண்டும், கடைசியில் எது என்று வரிசை போடாவிட்டால் வழியிலேயே சிக்கிக்கொள்ளும். மருந்து நேரத்துக்கும் நர்ஸ்கள் ஷிஃப்ட் மாறும் நேரத்துக்கும் நடுவே கிடைப்பது ஒன்றரை மணி நேரம். அதில் அரை மணியைச் சிறப்பு விருந்தினர் தின்றுவிடுவார். (இதில் எனக்கு இன்னும் கோபம் உண்டு. படுத்திருப்பவர் எழுந்து போக முடியாது என்ற தைரியத்தில் பேசுகிற பேச்சு அது.)

இன்னொன்றும் கற்றுக்கொண்டோம். போன மாதம் பார்த்த கட்டில் இந்த மாதம் காலியாக இருந்தால் "அவர் எங்கே?" என்று வார்டுக்குள் கேட்கக் கூடாது. முதலில் சிஸ்டரிடம் தனியாகக் கேட்டுக்கொண்டு அப்புறம்தான் உள்ளே நுழைய வேண்டும்.

எங்கள் பாட்டு, மிமிக்ரி எல்லாவற்றையும்விட ஓடியது தம்போலா, அதாவது கூப்பிடும் எண்ணைக் கையிலுள்ள சீட்டில் அடித்துக்கொண்டே வரும் விளையாட்டு. பரிசு சீப்பு, சோப்பு, அவ்வளவுதான். கை அசையாதவருக்குப் பக்கத்துக் கட்டில்காரர் அடித்துக் கொடுப்பார். "நீ என் நம்பரை விட்டுவிட்டாய்" என்று வரும் சண்டை அடுத்த வாரம்வரை ஓடும் என்பார் சிஸ்டர்.

இரண்டாவது வருடம் ஒரு சனிக்கிழமை நாங்கள் போகவில்லை. பரீட்சை. தகவல் சொல்ல வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. இலவசமாகச் செய்கிற வேலைதானே என்ற நினைப்பு எங்கோ இருந்திருக்க வேண்டும். அடுத்த முறை போனபோது சக்கர நாற்காலியில் இருந்த ஒரு அண்ணன் முகம் கொடுத்துப் பேசவில்லை. விஷயத்தைச் சிஸ்டர்தான் சொன்னார். அன்று காலையிலேயே ஒருவரைக் கெஞ்சிச் சவரம் செய்துகொண்டு, சட்டை மாற்றச் சொல்லி, பன்னிரண்டு மணியிலிருந்து கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார். விளக்கு அணைக்கும்வரை கட்டிலுக்கு வர மறுத்துவிட்டார்.

நான் மன்னிப்புக் கேட்கப் போனேன். "தம்பி, உங்க பாட்டு ஒண்ணும் பிரமாதம் இல்ல. ஆனா சனிக்கிழமைன்னு சொன்னா சனிக்கிழமை வரணும்" என்றார்.

அவர்களுக்குத் தேதி முக்கியம் என்பது அன்றுதான் உறைத்தது. முந்தின வாரம் முழுக்க எதிர்பார்ப்பது, பிந்தின வாரம் முழுக்க எங்களைக் குறை சொல்வது, இரண்டுக்கும் நடுவே நாங்கள் வெறும் சாக்கு. பிரிட்டனில் தன்னார்வலர்கள் நடத்திய மருத்துவமனை வானொலிகளிலும் இப்படித்தான் என்று நினைக்கிறேன். என்ன பாட்டு வேண்டும் என்று சீட்டு எழுதிக்கொள்ளக் கட்டில் கட்டிலாகப் போவார்கள். பாட்டு மூன்று நிமிடம். அதைக் கேட்டு எழுதப் போனவரோடு பேச்சு அரை மணி ஓடியிருக்கும்.

எங்கள் தரப்புக் குறையையும் சொல்லிவிடுகிறேன். 1950களில் ஒரு மனநல மருத்துவமனையில் தங்கி ஆராய்ந்த சமூகவியலாளர் எர்விங் காஃப்மன், விருந்து, நாடகம் மாதிரியான நாட்களில் ஊழியருக்கும் நோயாளிக்கும் நடுவே உள்ள சுவர் கொஞ்சம் இளகுவதைக் கவனித்து எழுதினார். நாங்களும் அதைப் பார்த்தோம். மறுநாள் சுவர் பழையபடி நின்றதைப் பார்க்க நாங்கள் அங்கே இல்லை.

நோயாளிகளே இறங்கிச் செய்தபோது கதை வேறு. 1948 ஜூலை 29 அன்று இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் டாக்டர் லுட்விக் குட்மன் நடத்திய வில்வித்தைப் போட்டியில் கலந்துகொண்டவர்கள் பதினாறு பேர்தான், எல்லாரும் சக்கர நாற்காலியில். பாராலிம்பிக் அதிலிருந்துதான் வளர்ந்தது.

வார்டுகள் காலியானதில் எங்கள் பங்கு எதுவும் இல்லை. காசநோயை வீட்டில் வைத்தே மருந்தால் குணமாக்கலாம் என்று 1956ல் சென்னையில் தொடங்கிய ஆய்வு காட்டியது. சானடோரியங்களுக்குத் தேவை குறைந்தது. போலியோவுக்குத் தடுப்பூசி வந்தது. மனநோய்க்கும் மாத்திரைகள் வந்தன.

அந்த அண்ணனிடம் அதற்கப்புறம் தம்போலா எண் கூப்பிடும் வேலையைக் கொடுத்தோம். அவராகவே ஒரு நோட்டு வாங்கிவரச் சொல்லி இன்னொரு வேலையும் எடுத்துக்கொண்டார். எங்கள் பெயர்களை வரிசையாக எழுதவைத்து, மாதாமாதம் வருகைப் பதிவு. வராதவர் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் ஒரு கோடு. வீட்டுக்குப் போகும்போது நோட்டைப் பக்கத்துக் கட்டில்காரரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். அதில் என் பெயருக்கு எதிரே இரண்டு கோடுகள் இருந்தன. ஒன்றுக்கு எனக்குக் காய்ச்சல் என்று எவ்வளவோ வாதாடினேன், எடுபடவில்லை.