கிராமத்து எம்.எல்.ஏ.வின் அரசியல் வாழ்க்கை: கேட்டவர்களுக்குச் சொன்ன பதில்கள்

தமிழ்நாட்டின் ஒரு கிராமத் தொகுதி எம்.எல்.ஏ.விடம் நீண்ட காலம் உதவியாளராக இருந்தவன் நான். மனு வாங்குவது, லெட்டர் பேடில் கடிதம் தயார் செய்வது, கலெக்டர் ஆபீசிலும் கோட்டையிலும் ஃபைல் எங்கே நிற்கிறது என்று தேடிப் போவது, இவைதான் என் வேலை. வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அரூர் பக்கத்துக் கல்லூரி மாணவர்: அண்ணா, எங்கள் வீட்டில் யாரும் அரசியலில் இல்லை. ஒரு கிராமத்துப் பையன் எம்.எல்.ஏ. ஆக இன்றைக்கும் வழி இருக்கிறதா?

இருக்கிறது தம்பி. ஆனால் நீண்ட வழி. சட்டம் கேட்பது கொஞ்சம்தான்: 25 வயது நிறைந்திருக்க வேண்டும், மாநிலத்தில் ஏதாவது ஒரு தொகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். கட்சி கேட்பது அதைவிட அதிகம். கிளைச் செயலாளர், ஒன்றியப் பொறுப்பு, ஒன்றியக் கவுன்சிலர், முடிந்தால் சேர்மன் என்று ஏறி வந்த பிறகுதான் உன் பெயரைச் சீட்டுக்கு யோசிப்பார்கள்.

ஒன்றைக் கவனி. ஊராட்சித் தலைவர் தேர்தலும் வார்டு உறுப்பினர் தேர்தலும் கட்சிச் சின்னம் இல்லாமல் நடப்பவை. ஒன்றியக் கவுன்சிலரில் இருந்துதான் கட்சிச் சின்னம் வருகிறது. பின்புலம் இல்லாதவன் தன் பெயரை வைத்து மட்டும் ஓட்டுக் கேட்கக்கூடிய இடம் ஊராட்சிதான். அங்கே குடிநீர்க் குழாயையும் தெருவிளக்கையும் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டவனைத் தேடிக் கட்சிகளே வரும், நான் பார்த்திருக்கிறேன்.

தோல்வியைத் தாங்கும் மனசும் வேண்டும். எடப்பாடி பழனிசாமி 1974-ல் கிளைச் செயலாளராகத் தொடங்கியவர். 1989, 1991 இரண்டிலும் எடப்பாடியில் ஜெயித்தார், 1996-ல் தோற்றார். 1998-ல் திருச்செங்கோடு எம்.பி. ஆனார்; அடுத்த இரண்டு மக்களவைத் தேர்தலிலும் தோல்வி. 2006-ல் சொந்தத் தொகுதியிலேயே தோல்வி. 2011-ல் மறுபடி ஜெயித்து அமைச்சர், 2017-ல் முதலமைச்சர். அவர் கட்சி உனக்குப் பிடிக்கலாம், பிடிக்காமல் போகலாம். 1996-ல் இருந்து 2011 வரை ஒரே ஒரு வெற்றியோடு ஒரு மனிதர் களத்தில் நின்றார் என்பதை மட்டும் பார்.

முசிறி, ஓய்வுபெற்ற ஆசிரியர்: செலவைப் பற்றி உண்மையைச் சொல்லுங்கள். பணம் இல்லாதவர் நிற்கவே முடியாதா?

காகிதத்தில் இருக்கும் கணக்கு இது ஐயா. டெபாசிட் 10,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 5,000. பதிவான செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால் அந்தப் பணம் திரும்ப வரும். தேர்தல் செலவு வரம்பு 2022-ல் 40 லட்சம் ஆனது. இதற்கெல்லாம் முன்னால், சீட்டுக் கேட்டுக் கட்சியில் விருப்ப மனு கொடுக்கவே கட்டணம் உண்டு; 2021 தேர்தலுக்கு தி.மு.க. பொதுத் தொகுதிக்கு 25,000 வாங்கியது.

களத்தில் ஆகும் செலவு இந்த 40 லட்சத்துக்குள் நிற்பதில்லை என்பது ஊருக்கே தெரியும். என் கவலை, அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதில்தான். சொந்த நிலத்தை விற்றுச் செலவு செய்தவர் முதல் வருடத்தில் இருந்தே அதை மீட்கப் பார்க்கிறார். காண்டிராக்டர் கொடுத்த பணத்தில் ஜெயித்தவரால் அதே காண்டிராக்டர் போட்ட சாலையில் ஜல்லி பெயர்ந்தால் வாய் திறக்க முடிவதில்லை. ஓட்டுக்கு வாங்கும் பணம் அந்தச் சாலையில் இருந்துதான் எடுக்கப்படுகிறது என்று என் ஊரில் வீடு வீடாகச் சொல்லியிருக்கிறேன், இங்கேயும் சொல்கிறேன்.

அதே கேள்வியை ஒட்டி, ஈரோட்டில் இருந்து ஒருவர்: சுயேச்சையாக நின்றால்?

ஜெயிப்பது அபூர்வம். 2006-ல் 234 பேரில் ஒரே ஒருவர்தான் சுயேச்சை, தளி தொகுதியில். உங்கள் மாவட்டத்து மொடக்குறிச்சியை மறக்க முடியுமா? 1996-ல் விவசாயிகள் தங்கள் குறையைச் சொல்ல ஆளாளுக்கு மனுத்தாக்கல் செய்து, மொத்தம் 1,033 வேட்பாளர்கள். வாக்குச்சீட்டை ஒரு புத்தகமாகவே அச்சடிக்க வேண்டியிருந்தது. குறை நாடு முழுக்கத் தெரிந்தது. ஆனால் அதே வருடம் சட்டமன்றத் தேர்தல் டெபாசிட்டை 250-ல் இருந்து 5,000 ஆக்கிவிட்டார்கள்.

திருவாடானை, விவசாயி: எம்.எல்.ஏ. நிதி கோடிக் கணக்கில் வருகிறது என்கிறார்களே, எங்கள் ஊருக்கு ஒரு பைசா வரவில்லை. எங்கே போகிறது?

நியாயமான கேள்வி. தொகுதி மேம்பாட்டு நிதி வருடத்துக்கு 3 கோடி ரூபாய். இதை எம்.எல்.ஏ. கையில் கொடுப்பதில்லை. எந்த வேலை என்று அவர் பரிந்துரை எழுதுவார். கலெக்டர் நிர்வாக அனுமதி கொடுப்பார். பிடிஓ (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீஸ் மூலம் மதிப்பீடு, டெண்டர், பில் எல்லாம் நடக்கும்.

3 கோடி பெரிய தொகையாகத் தெரியும். 2021-ல் தமிழ்நாட்டில் ஒரு தொகுதிக்குச் சராசரியாக 2.7 லட்சம் வாக்காளர்கள். வகுத்துப் பாருங்கள், தலைக்கு 110 ரூபாய் சொச்சம். தொகுதியில் 60 ஊராட்சி இருந்து சமமாகப் பிரித்தால் ஊராட்சிக்கு 5 லட்சம். ஒரு போர் போட்டு, சின்டெக்ஸ் டேங்க் வைத்து, கொஞ்சம் சிமெண்ட் சாலை போட்டால் முடிந்தது. நிதியில் ஒரு பகுதியை இன்ன வகை வேலைக்குத்தான் என்று அரசே ஒதுக்கியும் வைக்கிறது. அதனால் ரேஷன் கடைக் கட்டடம், பள்ளிச் சுற்றுச்சுவர், பஸ் நிழற்குடை போன்றவைதான் இந்த நிதியில் அதிகம் கண்ணில் படும்.

உங்கள் ஊர் ஏன் விட்டுப்போனது என்றால், பெரும்பாலும் இரண்டு காரணம். ஓட்டு விழுந்த பூத்துக்கு முதலில், விழாத பூத்துக்குக் கடைசியில் என்று பட்டியல் போடுகிற பழக்கம் உண்டு. இது தப்பு, யார் செய்தாலும் தப்பு. இரண்டாவது, உங்கள் ஊரில் இருந்து வேலையின் பெயர் எழுத்தில் போயிருக்காது. தகவல் உரிமைச் சட்டத்தில், கடந்த மூன்று வருடம் எந்தெந்த ஊரில் என்ன வேலை, எவ்வளவு தொகை என்று மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையிடம் கேளுங்கள். அந்தப் பட்டியலோடு போய் எம்.எல்.ஏ. முன்னால் உட்காருங்கள், பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

உசிலம்பட்டி, இல்லத்தரசி: எங்கள் எம்.எல்.ஏ. காதுகுத்து, கல்யாணம், துக்க வீடு எதையும் விடுவதில்லை. நல்ல மனிதர் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் சட்டமன்றத்தில் அவர் பேசி நான் பார்த்ததே இல்லை. இது போதுமா?

போதாது அம்மா. துக்க வீட்டுக்கு வருவதை நான் குறைத்துப் பேச மாட்டேன். கிராமத்தில் அது மரியாதை, அங்கேதான் பாதிக் குறைகள் அவர் காதில் விழுகின்றன. ஆனால் கேட்டதைக் கோட்டைக்குக் கொண்டுபோகாவிட்டால் அந்த அலைச்சலால் ஊருக்கு என்ன லாபம்?

சட்டமன்றத்தில் ஒரு கேள்வி என்ன செய்யும் என்று கிட்டே இருந்து பார்த்தவன் நான். எம்.எல்.ஏ. எழுத்து மூலம் கேள்வி கொடுக்கிறார்: 'இன்ன ஊர் துணை சுகாதார நிலையத்துக்குச் சொந்தக் கட்டடம் கட்ட அரசு ஆவன செய்யுமா?' அது சட்டமன்றச் செயலகத்தில் இருந்து துறைச் செயலாளருக்குப் போகிறது. அவர் மாவட்டத்தில் அறிக்கை கேட்கிறார். மாவட்டத்தில் இருந்து அந்த ஊர் நர்ஸ் வரைக்கும் போன் வருகிறது. இடம் இருக்கிறதா, பட்டா யார் பெயரில், இப்போது வாடகைக் கட்டடமா? வருடக் கணக்கில் தூங்கிய ஃபைல் ஒரே வாரத்தில் நாலு மேசை தாண்டும். அமைச்சர் எழுந்து பதில் சொல்கிற அந்த இரண்டு நிமிடத்தைவிட, அவர் கையில் பதில் வந்து சேர்வதற்குள் கீழே நடப்பதுதான் பெரிய வேலை.

பதிலையும் கவனித்துக் கேட்க வேண்டும். 'நிதிநிலைக்கு ஏற்பப் பரிசீலிக்கப்படும்' என்றால் இந்த வருடம் இல்லை என்று அர்த்தம். 'கருத்துரு பெறப்பட்டுள்ளது' என்றால் ஃபைல் உயிரோடு இருக்கிறது. 'இந்த நிதியாண்டிலேயே எடுத்துக்கொள்ளப்படும்' என்று அமைச்சர் சொல்லிவிட்டால் அது அவைக்குக் கொடுத்த உறுதிமொழி. நிறைவேறியதா என்று பார்க்க உறுதிமொழிக் குழு என்றே ஒன்று இருக்கிறது. கேள்வி நேரம் தவிர, துறைக்குப் பணம் ஒதுக்கும்போது நடக்கும் மானியக் கோரிக்கை விவாதம், அந்த ஒதுக்கீட்டைக் குறைக்கச் சொல்லிக் குறையை எழுப்பும் வெட்டுத் தீர்மானம், அவசரப் பிரச்சினையை அமைச்சரிடம் எழுப்பும் கவன ஈர்ப்பு என்று வேறு கதவுகளும் உண்டு.

1957-ல் குளித்தலையில் ஜெயித்து முதல் தடவையாகச் சட்டமன்றம் போன கருணாநிதி, முதல் பேச்சிலேயே நங்கவரம் விவசாயிகள் பிரச்சினையைத்தான் எடுத்தார். எந்தக் கட்சிப் புது எம்.எல்.ஏ. வந்தாலும் நான் சொல்கிற யோசனை இதுதான்: முதல் பேச்சில் உங்கள் ஊர்களின் பெயர் இருக்கட்டும்.

அவை நடவடிக்கைக் குறிப்புகள் அச்சாகின்றன. உங்கள் எம்.எல்.ஏ. பெயரைத் தேடிப் பாருங்கள். அடுத்த காதுகுத்தில் அவரைப் பார்க்கும்போது, இந்தக் கூட்டத்தொடரில் நம் ஊருக்காக என்ன கேட்டீர்கள் என்று சிரித்த முகமாகவே கேளுங்கள்.

இளையான்குடி: எங்கள் தொகுதியே 2011-ல் இல்லாமல் போனது. அப்படிப் போனால் எம்.எல்.ஏ.வின் கதி?

தொகுதி எல்லைகளை மாற்றிய 2008 மறுவரையறையில் போனது இளையான்குடி மட்டும் இல்லை. தொட்டியம், மருங்காபுரி, கடலாடி, சேரன்மகாதேவி என்று பல கிராமத் தொகுதிகள் மறைந்தன. பெரிய தலைவருக்குப் பக்கத்துத் தொகுதி கிடைத்துவிடும். பெரியகுளம் பட்டியல் சாதியினருக்கான தனித் தொகுதி ஆனதும் ஓ. பன்னீர்செல்வம் போடிநாயக்கனூருக்குப் போனார். நடுத்தர எம்.எல்.ஏ.க்களுக்கு அந்த வசதி இல்லை. பலருடைய அரசியல் அதோடு முடிந்தது. உங்கள் ஊர்க்காரர்களுக்கும் நஷ்டம்தான். பக்கத்துத் தொகுதியின் ஓரத்தில் சேர்ந்துவிட்டால் புது எம்.எல்.ஏ. வந்து போகவே நாள் ஆகும்.

பாப்பிரெட்டிப்பட்டி: கட்சி மாறினால் பதவி போகும் என்கிறார்கள். எங்கள் எம்.எல்.ஏ. கட்சி மாறாமலேயே பதவி போனதே?

1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தில், 'தானாக முன்வந்து கட்சி உறுப்பினர் பதவியை விட்டுவிட்டார்' என்றும் ஒரு காரணம் இருக்கிறது. வேறு கட்சியில் சேர்ந்தால்தான் என்று இல்லை, நடத்தையை வைத்தே சபாநாயகர் அப்படி முடிவு செய்யலாம். முதலமைச்சர் மேல் நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்த 18 அ.தி.மு.க. எம்.எல்.ஏ.க்களை 2017 செப்டம்பரில் சபாநாயகர் தகுதி நீக்கம் செய்தது இப்படித்தான். 2018 அக்டோபரில் உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. இடைத்தேர்தல் நடந்தது 2019 ஏப்ரலில். யார் பக்கம் நியாயம் என்பதை விடுங்கள். ஒன்றரை வருடத்துக்கு மேல் உங்கள் தொகுதியிலும் அரூர், ஆண்டிபட்டி போன்ற தொகுதிகளிலும் கேள்வி கேட்க ஆள் இல்லை. அதுதான் எனக்கு இன்றும் வலிக்கிறது.

நாமக்கல் மாவட்டம், ஒன்றியக் கவுன்சிலர்: அண்ணா, உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு. எம்.எல்.ஏ. சீட்டு என்றால் மட்டும் ஏன் நாங்கள் கண்ணில் படுவதில்லை?

ஒன்றியச் செயலாளர், மாவட்டச் செயலாளர் நாற்காலிகளில் பெண்கள் இல்லை, அதனால்தான் தங்கச்சி. சீட்டுக்குப் பெயர் அனுப்புவது அவர்கள்தான். 2021-ல் ஜெயித்த 234 பேரில் பெண்கள் 12 பேர். 2023-ல் நிறைவேறிய மூன்றில் ஒரு பங்கு இட ஒதுக்கீடு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் மறுவரையறையும் முடிந்த பிறகுதான் அமலாகும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அதுவரை காத்திருக்காதீர்கள். ஒன்றியக் கூட்டத்தில் நீங்களே பேசுங்கள், தீர்மானப் புத்தகத்தில் உங்கள் பெயரில் தீர்மானம் ஏறட்டும், வீட்டுக்காரரை அந்த நாற்காலிக்குப் பக்கத்தில்கூட உட்கார விடாதீர்கள். கட்சியில் பொறுப்புக் கேளுங்கள், மகளிர் அணியோடு நிற்க வேண்டாம்.

பெயர் வேண்டாம் என்றவர்: தோற்ற பிறகு ஒரு எம்.எல்.ஏ. எப்படி வாழ்கிறார்?

ஒரு தடவை இருந்தாலே ஓய்வூதியம் உண்டு. அரசு பஸ்ஸிலும் இலவசமாகப் போகலாம். பதவியில் இருக்கும்போது சம்பளம், படிகள் எல்லாம் சேர்த்து மாதம் 1,05,000 ரூபாய். 2017-ல் 55,000-ல் இருந்து உயர்ந்தது. கஷ்டப்படுவார் என்று சொல்ல முடியாது. வாசலில் கூட்டம் குறைவதுதான் அவர்களைச் சாய்க்கிறது. ஆஸ்பத்திரி, பள்ளிச் சேர்க்கை என்று சிபாரிசுக்கு வருகிறவர்களைத் தோற்ற பிறகும் திருப்பி அனுப்பாதவர்கள்தான் அடுத்த தேர்தலில் எழுந்து நின்றிருக்கிறார்கள்.

கல்வராயன்மலை அடிவாரத்தில் இருந்து: ஓடையில் பாலம் கேட்டு மனு மேல் மனு கொடுத்துவிட்டோம். மழைக்காலத்தில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக முடிவதில்லை. வேறு என்ன செய்ய?

மனுவில் என்ன எழுதினீர்கள்? 'பாலம் வேண்டும்' என்று மட்டும் இருந்தால் அது நாலு ஆபீஸ் சுற்றி, 'எமது துறைக்கு உரியதல்ல' என்று திரும்பி வரும். முதலில் அந்தச் சாலை யாருடையது என்று பாருங்கள். ஊராட்சிச் சாலையா, ஒன்றியச் சாலையா, நெடுஞ்சாலைத் துறையின் இதர மாவட்டச் சாலையா? பிடிஓ ஆபீசில் சாலைப் பதிவேடு இருக்கிறது. ஓடையின் சர்வே எண்ணை விஏஓவிடம் வாங்குங்கள். ஓடை நீர்வளத் துறையுடையது என்றால் அவர்களின் தடையின்மைச் சான்று வேண்டும். வனத்துறை நிலம் என்றால் அது தனிக் கதை, அதை முதலில் ஆரம்பியுங்கள், நாள் அதிகம் பிடிக்கும்.

எம்.எல்.ஏ. நிதியில் கேட்க வேண்டாம், தாங்காது. நபார்டு (ஊரக வளர்ச்சிக்கான வங்கி) கடனுதவியில் பாலம் கட்டும் திட்டத்தில் சேர்க்கக் கேளுங்கள். ஒன்றியப் பொறியாளரை வைத்து உத்தேச மதிப்பீடு போட்டு, கிராம சபைத் தீர்மான நகலையும் இணையுங்கள். ஓடை தாண்டிப் படிக்கப் போகிற பிள்ளைகளின் எண்ணிக்கையைத் தலைமை ஆசிரியரிடம் எழுதி வாங்குங்கள்.

இத்தனையையும் ஒரே கட்டாக எம்.எல்.ஏ.விடம் கொடுத்து, வெறும் சிபாரிசுக் கடிதம் கேட்காதீர்கள். அடுத்த கூட்டத்தொடரில் இதைக் கேள்வியாகக் கொடுக்கக் கேளுங்கள், கேள்வியின் வாசகத்தையும் நீங்களே எழுதிக் கொடுங்கள். 2022-ல் முதலமைச்சர் ஒவ்வொரு எம்.எல்.ஏ.விடமும் தொகுதியின் பத்து முக்கியக் கோரிக்கைகளைக் கேட்டு வாங்கினார். உங்கள் எம்.எல்.ஏ. கொடுத்த பத்தில் இந்தப் பாலம் இருந்ததா என்று அவரிடமே கேளுங்கள். சாலையின் பெயரும் சர்வே எண்ணும் கிடைத்ததும் எனக்கு அனுப்புங்கள், கேள்வி வாசகத்தை நான் எழுதித் தருகிறேன்.