ஆடியோஃபைல், அதாவது ஒலித்தரத்தில் தீராத நாட்டம் கொண்டவர், என்று ஒருவர் தம்மைச் சொல்லிக்கொள்ள என்ன தகுதி வேண்டும்?

விலையுயர்ந்த கருவிகளை வாங்கி அடுக்குவது அந்தத் தகுதியைத் தராது என்பது என் கருத்து. காதில் விழுவது இன்னதென்று பிரித்துச் சொல்லத் தெரிந்து, சொன்னதைச் சோதித்துப் பார்க்கவும் தயங்காதவரையே நான் ஆடியோஃபைல் என்பேன்.

கொடைக்கானலில் நாங்கள் குடியிருப்பது கருங்கல் சுவரும் தகரக் கூரையும் கொண்ட பழைய வீடு. ஐப்பசி மழை கூரையில் இறங்கும்போது எந்த ஆம்ப்ளிஃபையரும் எடுபடாது. மழையில்லாத இரவுகளின் அமைதியோ சமவெளி நகரங்களில் லட்சம் கொடுத்தாலும் கிடைக்காது. ஆயினும் ஸ்பீக்கர் அறை மூலையில் இருந்தவரை, மிருதங்கத்தின் தொப்பியில் (தாழ்ந்த ஒலி தரும் இடப்பக்கத் தோலில்) எழும் கும்கி என்னும் வளைநாதம் வெறும் முழக்கமாகவே கேட்டது. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 7 மீட்டர் என்பதால், சுவர்களில் பட்டுத் திரும்பும் தாழ்ந்த ஒலி சிறிய அறையில் ஓரிடத்தில் பெருகியும் வேறோரிடத்தில் தேய்ந்தும் போகிறது. மூலையில் வைத்தால் பெருக்கம் இன்னும் கூடும். ஸ்பீக்கரை மூன்றடி முன்னே நகர்த்தியபின், வாசிப்பவர் உள்ளங்கையை அழுத்தித் தேய்க்கும்போது நாதம் வளைந்து ஏறுவது தனியாகத் தெரிந்தது. கல் சுவரின் எதிரொலியைத் தடித்த கம்பளி ஒன்று அடக்கியது. (தாழ்ந்த ஒலியைக் கம்பளி ஒன்றும் செய்யாது.)

மதுரையிலிருந்து வரும் நண்பர் ஒருவர், ஸ்பீக்கருக்குப் போகும் கேபிளை மாற்றினால் பாட்டே மாறிவிடுகிறது என்று சாதிப்பார். எந்தக் கேபிள் என்று காட்டாமல், ஒலியளவையும் சமமாக வைத்து அடையாளம் கேட்டால், "அப்படியெல்லாம் ரசிக்க முடியாதுண்ணே" என்று காபியைக் கையிலெடுத்துக்கொள்வார். ஒலியளவு சற்றுக் கூடினாலே தரம் கூடியதாகத் தோன்றும் என்பதால், ஒலியளவைச் சமன்செய்யாத ஒப்பீட்டை நான் பொருட்படுத்துவதில்லை.

1982இல் விற்பனைக்கு வந்த குறுந்தகட்டின் 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் அளவே (ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட் எண்ணாகப் பதிவது), மனிதக் காதின் உச்ச எல்லையான 20 கிலோஹெர்ட்ஸ் வரை தாங்கும். வயது ஏற ஏற அந்த எல்லையும் இறங்கிவிடும். பண்பலை ஒலிபரப்பு 15 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது. இருந்தும் எங்கள் கொடைக்கானல் வானொலியான கோடை பண்பலையில் நல்ல ஒலிப்பதிவு வரும்போது எனக்குக் குறை தெரிவதில்லை. ஆகவே, இத்துறைக்குப் புதிதாக வருபவர் கைப்பணத்தில் பெரும்பங்கை ஸ்பீக்கருக்கு ஒதுக்கி, அதை அறையில் எங்கே வைப்பது என்று ஒரு வாரமாவது நகர்த்தி நகர்த்திக் கேட்டுப் பார்க்கலாம். கேபிளுக்குக் கடைத்தெருவில் கிடைக்கும் சாதாரணச் செம்புக் கம்பியே போதும்.