குக்கர் விசிலும் கோடைக் குளிரும்: சவர்லாண்ட் டென்ட் கேள்விகள்

சென்ற இதழில் ஜெர்மனியின் சவர்லாண்ட் மலைக்காட்டில் டென்ட் போட்டுத் தங்கியதைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கேள்விகள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் சாகசக்காரி எல்லாம் இல்லை. டோர்ட்முண்டில் ஆபீஸ் வேலை, மூன்றாம் மாடி வாடகை வீடு. பதினோரு கோடையாகக் கணவர், இரண்டு பிள்ளைகள், அவ்வப்போது மாமியாரோடு அந்தப் பக்கம் போய் வருகிறேன். அவ்வளவுதான் தகுதி.

ஆறு, ஒன்பது வயதில் இரண்டு பிள்ளைகள். இதுதான் முதல் முறை. எங்கே, எப்போது போகலாம்? (டூசல்டோர்ஃபிலிருந்து ஒரு வாசகி)

தண்ணீர் இருக்கிற இடமாகப் பாருங்கள். மலையைக் காட்டினால் பிள்ளைகள் பத்து நிமிடம் பார்ப்பார்கள். தண்ணீரைக் காட்டிவிட்டால் சாப்பாட்டுக்குத்தான் உங்களைத் தேடுவார்கள். பிகே, சோர்பே, ஹென்னே என்று ஏரிகள் நிறைய. ஏரி என்று சொன்னாலும் எல்லாம் அணை கட்டித் தேக்கியவை. கோடையில் ரூர் ஆற்றில் நீர் குறைந்து, கீழேயுள்ள தொழில் நகரங்களுக்குப் போதாமல் போனதால் கட்டினார்கள். மோனே அணை 1913-இல் முடிந்தது. பிகே 1965-இல், அது 17 கோடி கன மீட்டர் கொள்ளும்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், வறண்ட வருடங்களில் ஆகஸ்ட் கடைசிக்குள் நீர்மட்டம் நன்றாக இறங்கிவிடும். படத்தில் பார்த்த நீலக்கரைக்குப் பதில் சேறும் கல்லும்தான் இருக்கும். அதனால் பள்ளி விடுமுறையின் முதல் வாரம் நல்லது. நம் மாநிலத்தில் அது ஒவ்வொரு வருடமும் மாறும், நாட்காட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஃப்ரோன்லைக்னாம் என்ற கத்தோலிக்கத் திருநாள் வியாழனை ஒட்டிய நீண்ட வார இறுதிக்கு மட்டும் போகாதீர்கள், ரூர் பகுதியே அங்கேதான் இருக்கும். முதல் தடவைக்கு இரண்டு இரவு போதும். குளிக்கலாம் என்று குறித்திருக்கும் கரையில் மட்டும் பிள்ளைகளை இறக்குங்கள். மேலே வெதுவெதுப்பாக இருந்தாலும் ஓர் ஆள் ஆழத்துக்குக் கீழே தண்ணீர் சில்லென்று இருக்கும்.

கேம்பிங் தளத்தில் ஒரே கூட்டம். பேசாமல் காட்டுக்குள்ளேயே டென்ட் போட்டால் என்ன? (எஸ்ஸனிலிருந்து ஒரு வாசகர்)

அபராதம் கட்ட வேண்டியிருக்கும். காட்டில் யார் வேண்டுமானாலும் நடக்கலாம், அது உரிமை. தங்குவது வேறு கதை. நோர்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலனில் காட்டுக்குள் டென்ட் கூடாது. காட்டிலும் அதிலிருந்து 100 மீட்டருக்குள்ளும் நெருப்பு மூட்டக் கூடாது. மார்ச் முதல் அக்டோபர் வரை சிகரெட்டுக்கும் தடை. உங்களுக்குத் தனிமைதான் வேண்டுமென்றால் ஐஃபல் மலைப் பக்கம் காட்டின் நடுவே மரமேடை போட்டு, பக்கத்தில் ஒரு மரத்தூள் கழிப்பறையும் வைத்து, அனுமதியோடு ஓரிரவு தங்க விடுகிறார்கள். முன்பதிவு செய்த பிறகுதான் இடம் எங்கே என்றே சொல்வார்கள். நடந்துதான் போக வேண்டும்.

ஜூலையில் ஸ்லீப்பிங் பேக் எதற்கு, போர்வை போதும் என்கிறார் என் கணவர். உண்மையா? (போஹுமிலிருந்து ஒரு வாசகி)

என் கணவரும் இதையேதான் சொன்னார். முதல் வருடம், ஜூலை நடுவில். ஓடைச் சத்தம் கேட்டபடி தூங்கலாம் என்று பள்ளத்தாக்கின் அடியில், ஓடையை ஒட்டிய பச்சைப் புல்லில் டென்ட்டைப் போட்டோம். காற்று மெத்தை, பருத்திப் போர்வை. மாலையில் அரைக்கைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தோம். நடுச்சாமத்தில் எனக்கு முதுகு விறைத்துப்போனது. மூன்று மணிக்கு மாமியாரைக் காணவில்லை. தேடினால், காருக்குள் எங்கள் எல்லோருடைய துண்டுகளையும் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ஊட்டிக்குப் போனாக்கூட ரூம் எடுத்துல்ல தங்குவோம்" என்றார். விடிந்ததும் பையன் எழுந்து நிற்க, அவன் தலை கூரையில் பட்டது. உள்துணி முழுக்கக் கோத்திருந்த நீர் எங்கள் மேல் மழையாகக் கொட்டியது. நாங்கள் நால்வரும் இரவெல்லாம் விட்ட மூச்சுதான் அது.

மூன்று தப்பு செய்திருந்தோம். முதலாவது இடம். இரவில் குளிர்ந்த காற்று தண்ணீரைப் போலவே சரிவில் வழிந்து வந்து பள்ளத்தில் தேங்கும். அதே தளத்தில் சரிவில் கொஞ்சம் மேலே இடம் காலியாகத்தான் இருந்தது; அங்கே படுத்தவர்கள் நன்றாகத் தூங்கியிருந்தார்கள். இரண்டாவது மெத்தை. சாதாரணக் காற்று மெத்தைக்குள் காற்று சுழன்றுகொண்டே இருப்பதால் உடம்பின் சூடு தரைக்குப் போய்விடும். மேலே எத்தனை போர்த்தினாலும் பயனில்லை. டென்ட்டுக்கென்று விற்கும் பாயின் உறையில் ஆர் மதிப்பு என்று, சூடு தரைக்குப் போகாமல் எவ்வளவு தடுக்கும் என்று காட்டும் ஓர் எண் இருக்கும், 2-க்கு மேல் இருந்தால் கோடைக்குப் போதும். மூன்றாவதுதான் போர்வை. ஸ்லீப்பிங் பேக் வாங்கும்போது அதில் கொம்ஃபோர்ட், லிமிட், எக்ஸ்ட்ரேம் என்று மூன்று வெப்பநிலை போட்டிருக்கும். கடைக்காரர் பெரிய எழுத்தில் காட்டுவதை நம்ப வேண்டாம். எக்ஸ்ட்ரேம் என்பது உயிர் தப்பும் அளவு, தூங்கும் அளவு அல்ல. கொம்ஃபோர்ட்டில் 5 டிகிரியோ அதற்குக் கீழேயோ இருப்பதை எடுங்கள்.

மழையையும் மறக்க வேண்டாம். மேற்கிலிருந்து வரும் மேகத்துக்குச் சமவெளி தாண்டியதும் எதிர்ப்படும் பெரிய மேடு இந்த மலைதான். 842 மீட்டர் உயரமுள்ள கஹ்லர் ஆஸ்டனில் ஆண்டு மழை 1,400 மில்லிமீட்டருக்கும் மேல். ஓடைக்கரையை நான் அடியோடு விட்டது 2021 ஜூலை 14-க்குப் பிறகு. ஆல்டேனா, ஹாகன் பக்கம் தாண்டிக் குதிக்கிற அளவு ஓடைகள்கூட அன்று தெருவை அடித்துக்கொண்டு போயின. இப்போதெல்லாம் டென்ட் பையைப் பிரிப்பதற்கு முன்பே அந்த இடத்தை ஒரு சுற்று நடந்து பார்ப்பேன். எது மேடு, மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், காலை வெயில் எங்கே விழும். கணவர் கையில் கம்பியோடு காத்திருப்பார்.

மதியம் இரண்டு மணிக்குக் குக்கரில் சாதம் வைத்தேன். மூன்றாவது விசிலில் பக்கத்து கேரவன் பெரியவர் வந்து, பேசாமல் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டிவிட்டுப் போனார். இது இனவெறிதானே? (வூப்பர்டாலிலிருந்து ஒரு வாசகி)

நான் அங்கே இல்லை, அதனால் அவர் மனசுக்குள் என்ன இருந்தது என்று தெரியாது. ஆனால் அவர் காட்டியது கடிகாரத்தை. பெரும்பாலான தளங்களில் ஒரு மணி முதல் மூன்று மணி வரை மிட்டாக்ஸ்ரூஹே, அதாவது மதிய அமைதி. வாசல் தடுப்பைக்கூடப் பூட்டிவிடுவார்கள், கார் உள்ளே வர முடியாது. இரவு பத்து முதல் காலை ஏழு வரையும் இதேதான். ஆணியடிக்கிற ஜெர்மானியருக்கும் அதே கடிகாரம் காட்டப்படும், பார்த்திருக்கிறேன். காலை பதினோரு மணி விசிலுக்கும் அவர் வந்தால் எனக்கு எழுதுங்கள், அப்போது நானும் உங்களோடு சேர்ந்து கோபப்படுகிறேன்.

வருட வாடகைக்கு இடம் பிடித்து, கேரவனைச் சுற்றி வேலி போட்டு, குள்ளர் பொம்மை வைத்திருக்கும் இந்த டவர்காம்பர்களைப் பகைத்துக்கொள்ளாதீர்கள். போனதும் ஒரு குட்டன் டாக் சொல்லிவிடுங்கள். சவர்லாண்டில் ஒரு சாண் மண்ணுக்குக் கீழே ஸ்லேட் பாறை. டென்ட்டோடு வரும் அலுமினிய ஹேரிங் (முளைக்குச்சிக்கு மீன் பெயர்!) இரண்டே அடியில் வளைந்துவிடும். எங்கள் நாலாவது ஹேரிங்கும் வளைந்தபோது எதிர் கேரவன்காரர் ஒரு வாளி நிறைய இரும்பு முளைகளையும் சுத்தியலையும் கொண்டுவந்து வைத்தார். பேச்சே இல்லை. மறுநாள் ஒரு தட்டு வடை போனது. தட்டு திரும்பி வரும்போது அதில் செர்ரிப்பழம்.

அப்புறம், எலெக்ட்ரிக் குக்கர் கொண்டுபோகலாம் என்று நினைத்தால் மின்கம்பத்தில் எத்தனை ஆம்பியர் என்று கேளுங்கள். பழைய தளங்களில் 6 தான் இருக்கும், சுமார் 1,400 வாட். கெட்டில் ஒன்றே 2,000 இழுக்கும். ஃபியூஸ் போனால் யாருடைய கடிகாரமும் காத்திருக்காது.

உண்ணி கடித்தால் எண்ணெய் விடலாமா? (ஹாம் நகரிலிருந்து ஒரு வாசகர்)

வேண்டாம். எண்ணெய், பசை எதுவும் வேண்டாம். உண்ணி தத்தளிக்கும்போது வயிற்றில் இருப்பதை உள்ளே கக்கிவிடும். நுனி கூரான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, மெதுவாக நேரே இழுங்கள். கடித்த தேதியைக் குறித்து வையுங்கள். நாட்கள், வாரங்கள் கழித்து அந்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம் பரவினால் உண்ணி பரப்பும் பாக்டீரியா நோயான பொரெலியோஸாக இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள். அதற்குத் தடுப்பூசி கிடையாது, ஆனால் ஆன்டிபயாடிக்கில் குணமாகும். மூளைக்காய்ச்சல் தரும் எஃப்எஸ்எம்ஈ வேறு. அந்த ஆபத்து பெரும்பாலும் பவேரியா, பாடன்-வூர்ட்டம்பெர்க் பக்கம். தெற்கே போகிறவர்கள் தடுப்பூசி பற்றி முன்கூட்டியே கேளுங்கள். மாலையில் பிள்ளைகளின் முழங்கால் மடிப்பு, தொடை இடுக்கு, காதுக்குப் பின்னால் பாருங்கள்.

அடர்ந்த பச்சைக் காடு என்று எழுதியிருந்தீர்கள். போனால் மலை மலையாக மொட்டை! (கோல்னிலிருந்து ஒரு வாசகர்)

மன்னிக்கவும், நான் நின்ற பக்கம் பீச் என்ற இலைமரக் காடு. நீங்கள் பார்த்தது ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரம் இருந்த சரிவுகள். அந்த மரம் இந்த மண்ணுக்குச் சொந்தமே இல்லை. இரும்பு உருக்கக் கரி சுட்டே பழைய இலைமரக் காட்டைத் தின்று தீர்த்திருந்தார்கள். 1815-க்குப் பிறகு பிரஷ்ய ஆட்சி வந்து, வேகமாக வளர்கிறதே என்று வரிசை வரிசையாக ஸ்ப்ரூஸை நட்டது. வயசானவர்கள் இன்றும் அதைப் பிரஷ்ய மரம் என்பார்கள். 2007 ஜனவரி 18-இல் கிரில் புயல் ஒரு பங்கைச் சாய்த்தது. பிறகு 2018 முதல் மூன்று வறண்ட வருடங்கள். மரப்பட்டை வண்டு துளைத்தால் பிசின் விட்டு அதை மூழ்கடிப்பதுதான் அந்த மரத்தின் தற்காப்பு. தண்ணீர் இல்லாத மரத்தில் பிசின் ஏது?

விழுந்து கிடக்கும் பட்டையை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். நடுவில் ஒரு கோடு, இரு பக்கமும் கிளை கிளையாக வண்டுப்புழு தின்ற தடம், புத்தகத்தைத் திறந்தது போல. என் மகள் ஒரு துண்டை இன்னும் மேசையில் வைத்திருக்கிறாள். மொட்டைச் சரிவில் ஜூன், ஜூலையில் ஆளுயரத்துக்கு ஊதா மணிப்பூ பூத்திருக்குமே, ஃபிங்கர்ஹுட், அது கொடிய விஷம். பிள்ளைகளைத் தொட விடாதீர்கள். காய்ந்து நிற்கும் மரங்களுக்குக் கீழே காற்றடிக்கும் நாளில் போகவே வேண்டாம்.

மழையில் ஈரத்தோடே டென்ட்டை மடித்துக் காரில் போட்டு வந்தோம். நிலவறையில் வைத்திருக்கிறேன். கெட்டுப்போகுமா? (கெல்சன்கிர்ஷனிலிருந்து ஒரு வாசகி)

எப்போது வந்தீர்கள் என்று எழுதவில்லையே! இரண்டு மூன்று நாளிலேயே பூஞ்சை பிடிக்கும். கரும்புள்ளி விழுந்துவிட்டால் துணியை விட்டுப் போகாது, வாடையும் போகாது. இதழைக் கீழே வையுங்கள். சாப்பாட்டு மேசையை ஓரம் தள்ளி, நாற்காலிகளின் மேல் விரித்துப் போடுங்கள், உள்பக்கம் வெளியே தெரியும்படி. ஜன்னலைத் திறந்து வையுங்கள். தரையில் பழைய துண்டு நாலைப் போடுங்கள், ஓரத்து மடிப்பிலிருந்து அரை லிட்டராவது வடியும்.