விளங்கும், ஆனால் பேசமாட்டான்

கேள்வி: யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்தின் ஸ்காபுறோவில் வசிக்கிறோம். ஆறு வயது மகனுக்குத் தமிழ் விளங்கும். பதில் மட்டும் ஆங்கிலத்தில். ஊரிலுள்ள அம்மம்மாவோடு கதைக்க முடியவில்லை. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு என்றாலே அழுகிறான். வீட்டிலும் ஆங்கிலமே பேசினால் படிப்புக்கு நல்லது என்கிறார்கள். விட்டுவிடவா?

பதில்: விட்டுவிடாதீர்கள். இரண்டு மொழி கேட்பதால் பிள்ளையின் படிப்பு பின்தங்காது. உங்களுக்குத் தடையில்லாமல் கதை சொல்லவும் காரணம் விளக்கவும் எந்த மொழியில் வருகிறதோ, அதில் பேசுவதே அவனுக்குப் பலம்.

ஆங்கிலத்தில் கேட்டாலும் தண்ணீர் வந்துவிடுகிறது. அவனுக்குத் தமிழின் தேவையே வரவில்லை. அதற்காக விளங்காததுபோல் நடிக்க வேண்டாம். கண்டுபிடித்துவிடுவான், பிறகு பேச்சையே குறைத்துக்கொள்வான். அவன் சொன்னதைத் தமிழில் திருப்பிச் சொல்லி, இரண்டில் ஒன்றைக் கேளுங்கள்: "தண்ணி வேணுமோ? சுடுதண்ணியோ, பச்சைத்தண்ணியோ?" பதிலுக்கான சொல் கேள்விக்குள்ளேயே இருப்பதால் வாயில் வந்துவிடும். ஓம், இல்லை என்று முடியும் கேள்விக்குத் தலையைத்தான் ஆட்டுவான். ஒற்றைச் சொல் பழகியபின் "ஏன்", "எப்படி" என்று போகலாம்.

"வாஷ் பண்ணினன்" என்றால் திருத்தாதீர்கள். "வாஷ்" மட்டும்தான் ஆங்கிலம், காலத்தையும் ஆளையும் தமிழ்ப் "பண்ணினன்" சரியாகக் காட்டுகிறது. "கையைக் கழுவினியோ? நல்லது" என்று சொன்னால் போதும்.

அம்மம்மாவின் வீடியோ அழைப்பில் சுகம் விசாரிப்பது இரண்டு வரியில் முடிந்துவிடும். வேலை கொடுங்கள். புட்டுக்கு எத்தனை சுண்டு (அளவுப் பேணி) மா, தண்ணீர் எவ்வளவு என்று அவனே கேட்டு அளக்கட்டும். ஆங்கிலம் எடுபடாத இடம் அது ஒன்றுதான். வாரம் இரண்டு முறையாவது நடக்கட்டும்.

வகுப்பு அழுகைக்குப் பெரும்பாலும் வேறு காரணம் இருக்கும். வீட்டில் "போறன்", புத்தகத்தில் "செல்கிறேன்". தான் பேசுவது பிழையென்று பிள்ளை நினைத்துவிடுகிறது. முதலில் படம் பார்த்து வீட்டுத் தமிழில் சொல்லவிட்டு, பிறகு எழுத்துக்குப் போகும்படி ஆசிரியரைக் கேளுங்கள். 247 எழுத்து அட்டவணையை மனப்பாடம் செய்யவைப்பதும் வேண்டாத பாரம். 12 உயிர், 18 மெய், பிறகு துணைக்கால், கொம்பு போன்ற குறிகள். கு, டு, மு, கூ, டூ, மூ என்று வடிவம் மாறும் உகர, ஊகார வரிசைகளை மட்டும் சொற்களோடு தனியே பழக்கலாம்.

அருகில் பொருத்தமான வகுப்பு இல்லையென்றால், ஒன்ராறியோவில் குறைந்தது 23 மாணவர்களுக்காகப் பெற்றோர் எழுத்தில் கேட்டால் கல்விச் சபை தொடக்கப் பள்ளி மாணவருக்கு மொழி வகுப்பு நடத்த வேண்டும். வாரத்துக்கு இரண்டரை மணி நேரம் வரை. உங்கள் பகுதிப் பெற்றோரிடம் இப்போதே கையெழுத்துச் சேர்க்கத் தொடங்குங்கள்.