கேபிள் டிவியிலிருந்து ஃபைபருக்கு மாறலாமா? கடற்கரை ஊர் ஆபரேட்டருக்கு ஒரு பதில்

கேள்வி: ராமநாதபுரம் மாவட்டம் திருப்பாலைக்குடிப் பக்கம் இருபது வருடமாகக் கேபிள் டிவி நடத்துகிறேன் சார். ஒரு காலத்தில் நானூறு வீடு இருந்தது, இப்போது பாதிக்கும் கீழே வந்துவிட்டது. ஒரு இன்டர்நெட் கம்பெனி பிராஞ்சைஸி எடுக்கச் சொல்கிறது. ‘ஓஎல்டியை (வீடுகளுக்கு ஃபைபர் வழியாக ஒளி அனுப்புகிற தலைமைப் பெட்டி) நீங்க வாங்கிடுங்க, லைன் நாங்க தர்றோம்’ என்கிறார்கள். ஆறு லட்சமாவது கடன் வாங்க வேண்டியிருக்கும். அதற்குள் மாடிக்கு மாடி ஏர்ஃபைபர் டப்பா ஏறுகிறது. ஸ்டார்லிங்க் வேறு வருகிறதாம். ஈபான் போடுவதா, ஜிபான் போடுவதா, பத்து ஜி என்கிறார்களே அதுவா? இறங்கலாமா, வேண்டாமா?

இறங்கலாம். ஆனால் கம்பெனிக்காரர் சொல்கிற வரிசையில் பணத்தைப் போடாதீர்கள். அவர் ஓஎல்டியில் ஆரம்பித்து வேகத்தில் முடிப்பார். உங்கள் கரையில் இந்தத் தொழில் நிற்பதும் விழுவதும் கம்பத்தில் தொங்குகிற கேபிளாலும் அதன் ஜாயிண்டாலும்தான். நல்ல கேபிளை ஒழுங்காக இழுத்தால் இருபது வருடத்துக்கு மேல் கிடக்கும். இரண்டு முனையிலும் இருக்கிற பெட்டிகள் ஏழெட்டு வருடத்தில் பழசாகிவிடும். நிலைக்கிற பொருளுக்குத் தாராளமாகச் செலவு செய்யுங்கள், மாறப்போகிற பொருளில் சிக்கனம் பிடியுங்கள்.

முதலில் போட்டியைப் பார்த்துவிடுவோம். ஏர்ஃபைபரை ஏர்டெல் 2023 ஆகஸ்டிலும் ஜியோ அதே ஆண்டு செப்டம்பரிலும் ஆரம்பித்தன. பெரும்பாலும் 5ஜி கோபுரத்திலிருந்து காற்று வழியாக வாங்குகிற சிக்னல் அது. கேபிள் இழுக்க வேண்டாம், ஒரே நாளில் மாட்டிவிடலாம். தோப்புக்குள் தனியாக இருக்கிற வீடு, ஊருக்கு வெளியே இருக்கிற இறால் பண்ணை, மீன் கம்பெனி ஷெட் ஆகியவற்றுக்கு அதுதான் சரி. அந்த வீடுகளைத் துரத்தி நீங்கள் ஒரு கிலோமீட்டர் கேபிள் இழுக்கக் கூடாது. அதே கோபுரத்தை ஊரே போனிலும் பயன்படுத்துவதால் இரவு எட்டு மணிக்கு மேல் வேகம் குறையும். மேலே ஏற்றுகிற வேகம் எப்போதும் அதன் பலவீனமான பக்கம். உங்கள் மாவட்டத்தில் இது சின்ன விஷயம் இல்லை. துபாயிலும் சவூதியிலும் இருக்கிறவர் வீட்டு வாசல் கேமராவை அங்கிருந்து பார்க்கிறார், தினமும் இரவில் வீடியோ காலில் பிள்ளைகளோடு பேசுகிறார். இரண்டுக்கும் வேண்டியது அப்லோடு. கீழக்கரை, தொண்டி, பெரியபட்டினம் மாதிரி வீடு நெருங்கிய ஊர்களில் ஃபைபர்தான் ஜெயிக்கும். உங்கள் நோட்டீஸில் டவுன்லோடு வேகத்தைப் பெரிதாகப் போடுவதைவிட, ‘வெளிநாட்டிலிருந்து கேமரா தடங்கல் இல்லாமல் தெரியும்’ என்று போடுங்கள்.

சாட்டிலைட் வழியாக இன்டர்நெட் தருகிற ஸ்டார்லிங்குக்கு 2025 ஜூனில் இந்தியாவில் லைசென்ஸ் கிடைத்தது. படகுக்கும் தீவுக்கும் கம்பமே இல்லாத இடத்துக்கும் அது வரம். தெருவில் கம்பம் இருக்கிற ஊரில் உங்களுக்கு அதனால் பயமில்லை.

ஈபானா ஜிபானா? இரண்டும் ஒரே இழையைப் பல வீட்டுக்குப் பிரித்துக் கொடுக்கிற முறைகள். ஜிபான் போடுங்கள். ஈபான் பெட்டி கொஞ்சம் மலிவு, ஆனால் ஒரு போர்ட்டில் ஏறவும் இறங்கவும் 1.25 ஜிபிபிஎஸ்தான். ஜிபானில் 2.5 இறங்கும், 1.25 ஏறும். ஒரு போர்ட்டை 32 வீட்டுக்குப் பிரித்து, அத்தனை வீடும் ஒரே நொடியில் முழு வேகத்தில் இழுத்தாலும் வீட்டுக்குச் சுமார் 75 எம்பிபிஎஸ் கிடைக்கும். அப்படி எல்லோரும் ஒன்றாக இழுக்கிற நேரம் வருவதே இல்லை. வீட்டில் வைக்கிற பெட்டியை மட்டும் எக்ஸ்பான் வகையாக வாங்குங்கள், அது இரண்டு முறையிலும் ஓடும். நாளைக்குக் கம்பெனி மாறினாலும் வீணாகாது.

பத்து ஜி என்று அவர்கள் சொல்வது எக்ஸ்ஜிஎஸ்-பான். இரு பக்கமும் 10 ஜிபிபிஎஸ் தரக்கூடிய, 2016இலேயே தரமாக வகுக்கப்பட்ட தொழில்நுட்பம். பெருநகரங்களில் அதற்கு நகரத் தொடங்கியிருக்கிறார்கள். உங்களுக்கு இன்றைக்கு வேண்டாம். ஜிபான் 1490, 1310 நானோமீட்டர் அலைநீளத்தில் ஓடுகிறது, எக்ஸ்ஜிஎஸ் 1577, 1270இல் ஓடுகிறது. ஆகவே அதே இழையிலும் ஒளியைப் பிரிக்கிற அதே ஸ்ப்ளிட்டரிலும் இரண்டையும் ஒன்றாக ஓட்டலாம். வேண்டிய நாளில் ஓஎல்டி பக்கம் மட்டும் கருவியை மாற்றி, கேட்கிற வீட்டுக்கு மட்டும் புதுப் பெட்டி கொடுத்தால் போதும். தெருவில் ஒரு கம்பத்தைக்கூடத் தொட வேண்டியதில்லை. கேபிளில் செலவு செய்யுங்கள் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு இது பெரிய காரணம்.

சரி, கேபிளுக்கு வருவோம். உங்கள் கரையின் உப்புக்காற்று எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காரைக்குடி சிக்ரி நிறுவனம் உலோகம் அரிப்பதைச் சோதிக்க மண்டபத்தில் ஒரு நிலையமே வைத்திருக்கிறது. மதுரையில் பத்து வருடம் தாங்குகிற இரும்புக் கம்பி உங்களிடம் தாங்காது. கம்பத்திலிருந்து வீட்டுக்கு இறங்குகிற டிராப் கேபிள் வாங்கும்போது ஒரு துண்டு வெட்டிப் பாருங்கள். இழைக்கு இரு பக்கமும் மெல்லிய கம்பி தெரியும். அது காந்தத்தில் ஒட்டினால் இரும்பு, வேண்டாம். வெள்ளையாக, பிளாஸ்டிக் குச்சி மாதிரி இருந்தால் எஃப்ஆர்பி, அதை வாங்குங்கள். இரும்புக் கம்பி கிளாம்ப் கடிக்கிற இடத்தில்தான் முதலில் துருப்பிடிக்கும். துரு ஊதினால் உறை வெடிக்கும், உள்ளே உப்புத்தண்ணீர் இறங்கும். மெயின் கேபிளும் உலோகமே இல்லாததாக இருக்கட்டும். ஏடிஎஸ்எஸ் என்று கேட்டால் கடையில் தெரியும். மின்வாரியக் கம்பத்தில் கட்டுகிற கேபிளில் உலோகம் இல்லாமல் இருப்பது உங்கள் லைன்மேன் உயிருக்கும் நல்லது. உறை கறுப்பாகத்தான் இருக்க வேண்டும், வெயில் மற்ற நிறத்தைச் சீக்கிரம் வெடிக்க வைக்கும். கிளாம்பும் போல்ட்டும் 316 ரக ஸ்டீல் அல்லது நன்றாகத் துத்தநாகத்தில் முக்கியதாக இருக்கட்டும். 304 ஸ்டீல் உப்புக்காற்றில் புள்ளி புள்ளியாக அரிக்கும்.

கடற்கரையில் மூன்று வருடம் தொங்கிய ஜாயிண்ட் பாக்ஸ் ஒன்றைத் திறந்து பாருங்கள். மூடியின் ஓரத்தில் வெள்ளை உப்பு படிந்திருக்கும். ஸ்க்ரூ திரும்பாது. ரப்பர் ஒரு மூலையில் எழும்பியிருக்கும், உள்ளே எறும்பு கூடு கட்டியிருக்கும். இழையில் ஒளி ஓடுகிற நடுப்பகுதி 9 மைக்ரான்தான். கனெக்டர் முனையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு உப்புத் துணுக்கு உட்கார்ந்தால் பாதி ஒளி போய்விடும். பாக்ஸ் தூசியும் தண்ணீரும் புகாத ஐபி68 ரகமாக இருக்கட்டும். கேபிள் நுழைகிற வாய் கீழ்ப்பக்கம் இருக்கும்படி கட்டுங்கள். கேபிள் பாக்ஸுக்குள் போவதற்கு முன்னால் ஒரு தொங்கல் விட்டால் மழைத்தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். அழுத்தி மாட்டுகிற ஃபாஸ்ட் கனெக்டரைத் தெருவில் எங்கும் பயன்படுத்த வேண்டாம். இரண்டு நிமிடத்தில் வேலை முடியும், அடுத்த ஐப்பசியில் அதே வீட்டுக்கு மறுபடி ஏணி தூக்கிப் போவீர்கள். பிக்டெயில் (முனையில் கனெக்டரோடு வருகிற இழைத் துண்டு) வைத்து, இழையை உருக்கி ஒட்டுகிற ஸ்பிளைசிங் மெஷினில் ஒட்டுங்கள். மெஷின் சொந்தமாக வாங்க முடியாவிட்டால் பக்கத்து ஊர் ஆபரேட்டர்கள் மூன்று பேர் சேர்ந்து வாங்கலாம். ஒளியை அளக்கிற நல்ல பவர் மீட்டர் மட்டும் கட்டாயம் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

ஒளிக் கணக்கை ஒருமுறை உட்கார்ந்து போட்டுவிடுங்கள். ஒளியின் பலத்தை டிபிஎம் என்றும், வழியில் போகிற இழப்பை டிபி என்றும் சொல்வார்கள். ஓஎல்டியிலிருந்து +3 டிபிஎம் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். 8 கிலோமீட்டர் இழைக்கு, கிலோமீட்டருக்கு 0.35 வீதம் 2.8 போகும். 1:4 ஸ்ப்ளிட்டரில் சுமார் 7.3, 1:8இல் 10.5, கனெக்டர்களுக்கும் ஒட்டுகளுக்கும் இரண்டு. ஆக 22.6 போய், வீட்டில் -19.6 வரும். பி ப்ளஸ் வகை ஜிபான் பெட்டி -27 வரை தாங்கும். ஏழு டிபி மிச்சம் இருக்கிறதே என்று அதை 1:64ஆகப் பிரிக்கச் சொல்வார்கள், பிரிக்காதீர்கள். அந்த மிச்சம் வாடைக்காற்றுக்கும், பனை மட்டை விழுந்து அறுந்து திரும்ப ஒட்டுகிற ஒட்டுகளுக்கும் வேண்டும். புது இணைப்பு எதையும் -23க்குக் கீழே விட்டுவிட்டு வராதீர்கள். ஒவ்வொரு வீட்டிலும் மீட்டர் காட்டுகிற ஒளி அளவை ஒரு நோட்டில் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து ஒரே தெருவில் எல்லா வீட்டிலும் இரண்டு டிபி இறங்கியிருந்தால், யாரும் போன் போடும் முன்பே எந்த பாக்ஸில் தண்ணீர் என்று தெரிந்துவிடும்.

மின்சாரத்தில் உங்களுக்குப் பெரிய லாபம் காத்திருக்கிறது. பழைய கேபிளில் தெருவுக்குத் தெரு ஆம்ப்ளிஃபையர் இருந்தது, ஒரு தெருவில் கரண்ட் போனால் அடுத்த நாலு தெரு இருண்டது. ஃபைபரில் நடுவில் கரண்ட் வேண்டிய பொருளே கிடையாது. சின்ன ஓஎல்டியும் சுவிட்சும் சேர்ந்து 60 வாட் என்றால், ஒரு 150 ஏஎச் பேட்டரியும் இன்வெர்ட்டரும் பத்து மணி நேரத்துக்கு மேல் தாங்கும். வீட்டுப் பெட்டிக்கு 12 வோல்ட் குட்டி யுபிஎஸ் ஒன்றை இணைப்போடு சேர்த்து விற்றுவிடுங்கள். புயல் எச்சரிக்கை வருகிற கார்த்திகையில், கரண்ட் போன பிறகும் நெட் ஓடுகிறது என்று ஊர் பார்த்துவிட்டால், அதைவிடப் பெரிய விளம்பரம் வேண்டாம்.

அப்புறம் கம்பெனியிலிருந்து உங்களுக்கு வருகிற லைன். 250 வீட்டுக்கு, உச்ச நேரத்தில் வீட்டுக்கு சராசரி 3 எம்பிபிஎஸ் என்று வைத்தால் 750 எம்பிபிஎஸ் வேண்டும், ஒரு ஜிபிபிஎஸ் லைன் போதும். யூடியூப், நெட்ஃபிளிக்ஸ் மாதிரியானவற்றின் வீடியோக்களைப் பக்கத்திலேயே சேமித்து வைத்துத் தருகிற கேஷ் சர்வர் கம்பெனியின் மதுரை நிலையத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் பெரும்பாதிப் போக்குவரத்து சென்னை வரை போகாது. அதைவிட முக்கியமான கேள்வி, அந்த லைன் எந்தச் சாலை வழியாக வருகிறது? பரமக்குடிச் சாலையில் ஒன்று, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒன்று என்று இரண்டு பாதை இருந்தால்தான் ஒரு ஜேசிபி வெட்டினாலும் ஊர் இருளாது. இரண்டு கம்பெனியிடம் லைன் வாங்கினால் போதும் என்று நினைக்க வேண்டாம், இரண்டும் ஒரே குழியில் கிடக்கலாம். பாதை வரைபடம் காட்டச் சொல்லுங்கள். ஊராட்சிகளுக்கு ஃபைபர் கொண்டுபோகிற மத்திய அரசின் பாரத்நெட்டுக்காக, தமிழ்நாடு அரசு நிறுவனமான டான்ஃபிநெட் 12,525 ஊராட்சிகளுக்கு இழை கொண்டுபோகும் திட்டத்தைக் கையில் வைத்திருக்கிறது. உங்கள் ஊராட்சி அலுவலகத்தில் அந்த இழை உயிரோடு இருந்தால் இரண்டாவது பாதையாக அதை எடுக்க முடியுமா என்று விசாரியுங்கள். அதை மட்டும் நம்பித் தொடங்க வேண்டாம்.

டிவியை 1550 நானோமீட்டரில் அதே இழையில் அனுப்பலாம் என்பது உண்மைதான். புதிதாக அதற்குப் பணம் போட வேண்டாம், ஜனம் ஆப் பக்கம் போய்விட்டது. இருக்கிற செட்டாப் பாக்ஸ் வீடுகளைப் பழைய கம்பியிலேயே ஓட்டுங்கள்.

சட்டப் பக்கத்தில் கவனம். யாரிடமோ லீஸ்டு லைன் வாங்கி உங்கள் பெயரில் ஊருக்குப் பிரித்துக் கொடுப்பது குற்றம். 2023ஆம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டப்படி அனுமதியில்லாமல் சேவை நடத்தினால் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 2 கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பில்லில் லைசென்ஸ் வைத்திருக்கிற கம்பெனி பெயர் இருக்கட்டும், வாடிக்கையாளரின் அடையாளச் சான்றை வாங்காமல் ஒரு இணைப்பும் கொடுக்காதீர்கள். சென்னை ரிச்சி தெருவில் மலிவாகக் கிடைக்கிற பழைய ஓஎல்டியும் வேண்டாம். 2021 ஜூன் 15 முதல் லைசென்ஸ்தாரர்கள் அரசு நம்பகமானது என்று ஏற்ற கருவிகளைத்தான் புதிதாக இணைக்க முடியும். எந்த மாடல் வாங்கலாம் என்று கம்பெனியிடம் எழுத்தில் வாங்குங்கள். கம்ப அனுமதியும் எழுத்தில் வேண்டும்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் தெருக் கேபிள் யாருடையது என்று பாருங்கள். அது உங்களுடையது என்றும், விலகினால் வேறு கம்பெனி லைனை அதில் ஏற்றலாம் என்றும் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். ‘கேபிள் உங்க செலவு, ஆனா நெட்வொர்க் எங்க சொத்து’ என்று ஒரு வரி நடுப்பக்கத்தில் இருக்கும், அதை அடிக்கச் சொல்லுங்கள். அடிக்க மறுத்தால் அந்தக் கம்பெனி வேண்டாம்.

கடைசியில் கடன். ஜிஎஸ்டி 18 சதவீதம். வீட்டுக்காரர் 590 கொடுத்தால் பிரிக்கிற பணம் 500தான். கம்பெனிக்கும் உங்களுக்கும் பாதிக்குப் பாதி என்று வைத்துக்கொண்டால் உங்களுக்கு 250. ஆறு லட்சத்தை 12 சதவீத வட்டியில் ஐந்து வருடத்துக்கு எடுத்தால் மாதத் தவணை சுமார் 13,350. லைன்மேன் சம்பளம் 15,000, கம்ப வாடகை, கரண்ட், பெட்ரோல் என்று இன்னொரு 5,000. ஆக 134 வீடு பணம் கட்டினால்தான் கையைக் கடிக்காது, அதன் பிறகுதான் உங்கள் கூலி. அதனால் மூன்று லட்சத்தில் தொடங்குங்கள். ஊர் முழுக்கப் போகிற மெயின் பாதையில் 24 கோர் (இழை) கேபிள், இப்போது ஆறு கோர் பயன்பட்டால் போதும். ஓஎல்டி நாலு போர்ட், 128 வீடு வரை. டிராப் கேபிள் வீடு நெருங்கிய இரண்டு தெருவுக்கு மட்டும். தவணை 6,700க்குள் வரும், செலவு நூற்றேழு வீட்டில் கட்டிவிடும். ஆறு மாதத்தில் நூறு வீடு சேராவிட்டால் மூன்றாவது தெருவுக்குக் கேபிள் இழுக்காதீர்கள். சேராத வீடுகளில் போய் உட்கார்ந்து, ஏன் சேரவில்லை என்று கேட்டுவிட்டு வாருங்கள்.