எபிரெயத்திலிருந்து விலக்கு

அன்புள்ள ஐயா,
என் தம்பிக்குப் பார்வை இல்லை. இறையியல் கல்லூரியில் முதலாண்டு படிக்கிறான். எல்லோரும் அன்பாக நடத்துகிறார்கள். சாய்தளம்கூடக் கட்டியிருக்கிறார்கள். விவிலியத்தின் மூலமொழிகளான கிரேக்கம், எபிரெயம் இரண்டையும் படிப்பதிலிருந்து விலக்கு கொடுத்துவிட்டார்கள். ஆனால் லேவியராகமம் 21ஆம் அதிகாரத்தைக் காட்டி ஒருவர் பயமுறுத்துகிறார். அவனுக்குக் குருப்பட்டம் கிடைக்குமா?
— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

லேவியராகமத்தை விடுங்கள். உடற்குறை உள்ளவர் பலி செலுத்த வரக்கூடாது என்கிறது அந்த அதிகாரம்; அது பண்டைய இஸ்ரயேலின் குருக்களான ஆரோன் வம்சத்தாருக்கான விதி. கத்தோலிக்கரின் 1917 சட்டத்தொகுப்பிலும் உடற்குறை குருப்பட்டத்துக்குத் தடையாக இருந்தது. 1983 தொகுப்பில் அது இல்லை. உங்கள் சபை வழக்கத்தைப் பேராயரிடம் கேளுங்கள். சாய்தளம் நல்லதுதான், ஆனால் அது உங்கள் தம்பி கேட்டதல்லவே.

எனக்குக் கோபம் வந்தது அந்த விலக்கைப் பார்த்து. அதை அன்பின் கணக்கில் வேறு எழுதியிருக்கிறீர்கள்! மற்ற மாணவர்கள் மூலமொழியில் வசனத்தைப் பிரித்துப் பார்க்கும்போது இவன் மட்டும் வெளியே உட்கார்ந்திருக்க வேண்டுமா? நான்காம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் மறைக்கல்விப் பள்ளியை நடத்திய திதிமு, சிறு வயதிலேயே பார்வை இழந்தவர். மரத்தில் செதுக்கிய எழுத்துகளைத் தடவிக் கற்றார் என்பார்கள். பிரெய்ல் வர இன்னும் 1,400 ஆண்டுகளுக்கு மேல் இருந்த காலம். விவிலியத்தை லத்தீனில் தந்த ஜெரோம் அவரிடம் பாடம் கேட்டவர்.

பார்வையற்ற இறையியல் மாணவர் ஒருவருக்குக் கொஞ்ச காலம் புத்தகம் வாசித்துக் காட்டியிருக்கிறேன். கிரேக்கச் சொல் வந்தால் எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொல்வார். முடிப்பதற்குள் வேர்ச்சொல்லைப் பிடித்துவிடுவார். "வேகமாக வாசியுமய்யா" என்று திட்டு வேறு. அவருக்கும் கல்லூரி விலக்குதான் கொடுத்திருந்தது.

முடியாதது மாணவனுக்கல்ல, பாடக் குறிப்புக்கு. பழைய எழுத்துருவில் அடித்த கிரேக்கத்தை, கணினித் திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் திரைவாசிப்பான் மென்பொருள் ஆங்கில எழுத்துகளாகப் பிதற்றும். ஸ்கேன் செய்த பக்கம் என்றால் வாயே திறக்காது. யூனிகோடில் அடித்துக் கொடுத்தால் பாதிச் சிக்கல் தீரும். என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பான் இலவசம். எபிரெயத்துக்கும் பிரெய்ல் உண்டு. அதை இடமிருந்து வலமாகவே வாசிக்கலாம்; வலமிருந்து வாசிக்கத் தடுமாறும் வகுப்புத் தோழர்கள் பொறாமைப்படட்டும்.

முதல்வருக்கு எழுதுங்கள். விலக்கு வேண்டாம், பாடநூல் வாசிக்கிற வடிவில் வேண்டும், தேர்வில் கூடுதல் நேரம் வேண்டும் என்று கேளுங்கள். அதற்கு முன் தம்பியிடம் பேசுங்கள். இத்தனை எழுதியிருக்கிறீர்கள், அவன் என்ன படிக்க விரும்புகிறான் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.